ஏகாதசியன்று நான் வைக்காத மீன் குழம்பு

கொள்ளேகாலத்துக்கு அந்தப் பக்கம், ஹனூர் மானாவாரிக் காட்டிலிருந்து தோளில் ஒரு மண்வெட்டியோடு மைசூருக்கு நடந்தே வந்தவன் நான். படித்தது இரண்டாங் கிளாஸ். அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்னென்ன கட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணம்பாடி அணைக்குச் செங்கல் தூள் சுமந்தேன். (ஊரில், அணையையே நான்தான் கட்டினேன் என்று சொல்லியிருக்கிறேன். சுமக்க ஆள் இல்லாமல் அணை தானாக எழும்புமா?) தேவராஜ மொஹல்லாவில், பாறை என்று மற்ற மேஸ்திரிகள் கையை உதறிய இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் காட்டினேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு சத்திரத்துக்கு நான் எழுப்பிய மதிலைக் காவிரி வெள்ளம் வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. குதிரை லாயம், தண்ணீர்த் தொட்டி, பங்களாக் காம்பவுண்டு எல்லாம் இந்தக் கைதான். யாரும் சிபாரிசு செய்யவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இவ்வளவும் கட்டிய மனுஷனை மார்க்கெட்டில் பார்த்தால் ஜனங்கள் என்ன கேட்கிறார்கள் தெரியுமா?

"ஏனுங்க, அய்யங்கார் வீட்டுல ஏகாதசியன்னைக்கு மீன் குழம்பு வெச்சது நீங்கதானுங்களா?"

வைக்கவில்லை. வைக்கவில்லை என்று எத்தனை வருஷமாகச் சொல்வது? சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதினால் கைதானே வலிக்கும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நான் இளவட்டம். பெண்டாட்டி ஹனூரில் அவள் அப்பன் வீட்டில் இருந்தாள். மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார்: "மைசூர்ல நிலையா ஒரு வேலை கெடச்சதும் வந்து கூட்டிக்கிட்டுப் போங்க மாப்பிள்ளை. இன்னைக்கு ஒரு கெணறு, நாளைக்கு ஒரு செவுருன்னு திரியறவன் கூட என்ற புள்ளை எங்கே குடித்தனம் பண்றது?" நியாயம்தான். ஆனாலும் நியாயத்தை மாமனார் வாயால் கேட்டால் ஆத்திரம் வருகிறது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அமல்தார் வீட்டில் கிணறு வேலைக்குப் போனேன். தாலுகாவையே ஆண்டு ஓய்வு பெற்றவர். மேல்கோட்டைப் பக்கத்து அய்யங்கார். பெங்களூரில் யாரோ ஒரு துரை பங்களாவில், தோட்டத்துக் குளத்தில் ஜப்பான் தங்கமீன் நீந்துவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

"மாதையா, எனக்கு ஒரு குளம் கட்டு," என்றார். "தோட்ட இலாகா சூப்பிரண்டெண்டு எனக்குச் சிநேகிதர். சர்க்கார் புதுசா ஒரு பார்க்கு போடறா. அதுல வரிசையாக் குளம் வரப்போறது. தசராவுக்கு அவரை இங்கே அழைச்சு உன் வேலையைக் காட்டறேன். அவர் மனசுக்குப் பிடிச்சுதோ, கட்டறது, பராமரிக்கறது எல்லாம் உனக்குத்தான்."

கட்டுவது மட்டுமில்லை, பராமரிப்பும்! வருஷம் பூராவும் சர்க்கார் வேலை! நான் அன்று சாயங்காலமே கொள்ளேகாலம் போகிற வண்டிக்காரரிடம், பார்க்கு வேலை எனக்குக் கிடைத்துவிட்டதாக மாமனாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். (கிடைக்கப்போகிறது என்பதற்கும் கிடைத்துவிட்டது என்பதற்கும் நடுவில் என்ன இருக்கிறது, ஒரு குளம்தானே என்று நினைத்தேன்.)

குளம் என்றால் அது குளம். சுண்ணாம்பும் செங்கல் தூளும் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டுப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினேன். குனிந்தால் மூஞ்சி தெரிந்தது. நானே அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டேன்.

நவராத்திரிக்குச் சில நாள் முன்னால் பெங்களூர் ரயிலில் தகர டின்களில் மீன் வந்தது. கெண்டை ஜாதிதான், ஆனால் மகாராஜா வீட்டுக் கெண்டை. சிவப்பு, வெள்ளை, இரண்டும் கலந்தது, நெற்றியில் பொட்டு வைத்தது, பட்டுப்புடவைத் தலைப்பு மாதிரி வால் விரித்தது. அமல்தார், அவர் சம்சாரம், தோட்டக்காரர் சிவலிங்கப்பா, நான் எல்லோரும் குளத்தைச் சுற்றி நின்றோம். மீனைக் குளத்தில் விட்டாயிற்று. அப்புறம்தான் அமல்தாருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இதுகளை யார் பாத்துக்கறது?"

அமல்தாரம்மா ஓரடி பின்னால் போனார். "எனக்குப் பாக்கப் பிடிக்கும். தொடமாட்டேன்."

சிவலிங்கப்பா கழுத்தில் இருந்த லிங்கத்தைப் பிடித்துக்கொண்டார். "நம்ம கைல ஆகல்லா சாமி. நம்ம மனேல மீனு பேரு கூடச் சொல்லமாட்டோம். நம்க்கு ரோஜாச் செடி போதும்."

மூன்று பேரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. அமல்தார் கொஞ்சம் தயங்கி, நாசூக்காகத்தான் சொன்னார்:

"மாதையா, நீதானேப்பா... அந்தப் பழக்கம் உள்ளவன்."

அதாவது, மீன் தின்கிறவனுக்கு மீன் வளர்க்கத் தெரியும்! இது என்ன கணக்கு? இட்லி தின்கிறவனுக்கெல்லாம் உழவு தெரியுமா? தவிர, ஹனூரில் ஆறு ஏது, ஏரி ஏது? நான் பிறந்ததிலிருந்து பார்த்த மீனெல்லாம் கொள்ளேகாலம் சந்தையில் கூறு கட்டி வைத்த கருவாடு. உயிரோடு நீந்துகிற மீனை மைசூர் வந்துதான் பார்த்தேன். அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அவர் வாயில் பார்க்கு இருந்தது. என் நாக்கில் சனி இருந்தது.

"அட, என்ன சாமி இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க! மீனோடவே வளந்தவனுங்க நானு. அதுங்க மொகத்தைப் பாத்தாலே என்ன நோவுன்னு சொல்லிப்போடுவனுங்க."

மறுநாள் காலையில் நாலைந்து மீன் மல்லாந்து மிதந்தன. மொகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"ரயில் அலுப்புங்க," என்றேன்.

அமல்தாரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மத்ஸ்யாவதாரம் எடுத்தாரே பெருமாள். இதுகளுக்காக நாம தீட்டுக் காக்கணுமோ?" என்று கேட்டார். அமல்தார் நிஜமாகவே உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அதில் ரயிலில் வந்த மீனுக்கு விதி எழுதியிருக்கவில்லை. செத்ததை எடுத்துப் போட அந்த வீட்டில் கை கிடையாது, என் கைதான். இலையில் பொட்டலம் கட்டி, அய்யங்கார் வீட்டு வாசல் வழியாக மீன் பொட்டலத்தோடு வெளியே வந்தேன். எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. ஊர் வாய்க்கு அன்றே அவல் ஊறப் போட்டாயிற்று.

சுண்ணாம்புதான் காரணம் என்று அன்றே தோன்றியிருக்க வேண்டும். பூசின பூச்சு இன்னும் காரம் விடுகிறது. புதுக் குளத்தைப் பல தரம் ரொப்பி இறைத்துக் காரம் போக்கியபின்தான் உயிர் விடவேண்டும். கை வெந்த கொத்தனாருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் என் பூச்சைப் போய், மூஞ்சி தெரிகிற என் பூச்சைப் போய், நானே சந்தேகப்படுவதா? ரயிலைச் சந்தேகப்படுவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நவராத்திரி பிறந்தது. அமல்தாரம்மா கொலு வைத்தார். பார்க்க வந்த பெண்டுகள் பொம்மைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராகக் குளத்துக்கு வந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் போனால் காவிரி மீனுக்குப் பொரி போடுவது புண்ணியம். இங்கே வீட்டிலேயே காவிரி! புளியோதரை போட்டார்கள். தயிர்சாதம் போட்டார்கள். சுண்டல் போட்டார்கள்: காராமணி, கொண்டைக்கடலை, மொச்சை, தினம் ஒரு தானியம். ஒரு மாமி சர்க்கரைப் பொங்கல் போட்டுவிட்டு, "முந்திரியைச் சாப்பிடமாட்டேங்கறதே!" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

மீனெல்லாம் வயிறு உப்பி உருண்டையாயிற்று. நான் என்ன செய்தேன்? தடுத்தேனா? இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நல்லாத் தேறிப்போச்சுங்க! என்ற கவனிப்புங்க," என்றேன்.

பிறகு குளம் நாறிற்று. தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உடம்பில் சிவப்புச் சிவப்பாகப் புண். வால் ஓரம் நைந்துபோயிற்று. சூப்பிரண்டெண்டு விஜயதசமி ஊர்வலம் முடிந்த மறுநாள் காலை வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

விஜயதசமி சாயங்காலம் மைசூரே அம்பாரி பார்க்கப் போய்விட்டது. நான் மட்டும் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் பாண்டு சத்தம் கேட்கிறது, யானை போகிறது, இங்கே ஒரு வெள்ளை மீன் என்னைப் பார்த்து வாயைத் திறக்கிறது. பார்க்கு போயிற்று. பெண்டாட்டியும் ஹனூரிலேயே இருக்கவேண்டியதுதான். மாமனார் மூஞ்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த வெறுப்பில் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் ஊற்றினேன். நாக்கு சுள்ளென்று வெந்தது. வெற்றிலையில் சுண்ணாம்பு மிஞ்சினால் வேகுமே, அதே எரிச்சல்.

அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பில் கை வெந்தால் கொத்தனார் என்ன செய்வான்? புளித்தண்ணீரில் முக்குவான். குளத்துக்கும் அதுதான். மாட்டுக்குப் புண் வந்தால் என்ன போடுவோம்? உப்பு, மஞ்சள், வேப்பிலை. மீனுக்கும் அதுதான். மாடு பெரிசு, மீன் சிறிசு, புண் ஒன்றுதானே?

விடிந்ததும் மார்க்கெட்டுக்கு ஓடினேன்.

"ஒரு கூடை புளி கொடுங்க. கல்லுப்பு, மஞ்சள்தூளும் வேணும்."

மளிகைக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன மேஸ்திரி, விருந்தா?"

"இல்லீங்க, மீனுக்கு."

"ஓ! எத்தனை பேருக்கு?"

நான் மீனைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஒரு முப்பதுக்குப் பக்கம் இருக்குமுங்க," என்றேன்.

"அப்ப மல்லித்தூள், மிளகாய்?"

"அய்யய்யோ, அதெல்லாம் மீனுக்கு ஒத்துக்காதுங்க!"

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மல்லியும் மிளகாயும் இல்லாமல் மீன் குழம்பு வைக்கிற ஒருத்தனை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

என் ஆட்கள் குளத்தை இறைத்தார்கள். மீனை எங்கே வைப்பது? அமல்தாரம்மாவின் அண்டாவைக் கேட்க முடியுமா? எங்கள் ஆட்கள் களி கிண்டுகிற பெரிய மண்சட்டி இருந்தது, அடியெல்லாம் கரிபிடித்தது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, மஞ்சள் கலக்கி, மீனை அதில் விட்டு, மேலே இரண்டு கொத்து வேப்பிலையை உருவிப் போட்டேன். இறைத்த தண்ணீரில் தோட்டமெல்லாம் சேறு. அதனால் சட்டியைக் கொஞ்சம் உயரமாக, எங்கள் ஆட்கள் அடுப்புக்கு வைத்திருந்த மூன்று கல்லின்மேல் தூக்கி வைத்தேன். (வேறு எங்கே வைப்பது? என் தலையிலா?) அதே நேரம் பார்த்துச் சிவலிங்கப்பா பக்கத்தில் சருகு கூட்டிக் கொளுத்தினார். தினம் அந்த நேரத்துக்குச் சருகு கொளுத்துவது அவர் வழக்கம். உலகம் அழிந்தாலும் கொளுத்துவார்.

நான் இறைத்த குளத்தில் புளியைக் கரைத்து ஊற்றி, முழங்கால் அளவு கரைசலில் இறங்கி நின்று, சுவரை நாரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அமல்தாரம்மா துளசி தீர்த்தத்தோடு பூஜையறையிலிருந்து வெளியே வந்தார். சட்டியைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். மஞ்சள் தண்ணீரில் மிதக்கிற இலையையும், அதன் கீழே மீனையும் பார்த்தார்.

"ஏன்னா!" என்று அவர் போட்ட சத்தம் சாமுண்டி மலைவரை கேட்டிருக்கும். "ஏகாதசியும் அதுவுமா நம்மாத்துத் தோட்டத்துல மீனைச் சமைக்கறான்! குழந்தைகள் மாதிரி சுண்டல் ஊட்டி வளத்தேனே! கருவேப்பிலை கூடப் போட்டுட்டான்!"

"அம்மா, அது வேப்பிலைங்க!"

"வேப்பிலை போட்டுச் சமைக்கறதா இன்னும் ஒசத்தி?"

அமல்தார் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், கோட்டும், தலையில் ஜரிகைப் பேட்டாத் தலைப்பாகையுமாக ஒருவர் நிதானமாக வந்தார். சூப்பிரண்டெண்டு. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். சர்க்கார் உத்தியோகஸ்தர் நேரத்துக்கு முன்னால் வந்ததாக அதற்கு முன்னும் பின்னும் நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கென்று வந்து வாய்த்தார்.

அவர் குளத்தில் நிற்கிற என்னைப் பார்த்தார், குளத்தின் நிறத்தைப் பார்த்தார், குனிந்து மோந்தார்.

"ஹுணசேஹண்ணு?"

"ஆமுங்க, புளிதானுங்க."

சட்டிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். மீசை துடித்தது. "அமல்தார் சார், நீங்க மீன் பாக்கக் கூப்பிட்டீங்கன்னு நெனச்சேன். சாப்பாட்டுக்கே கூப்பிட்டிருக்கீங்க! ஏனப்பா மேஸ்திரி, உப்பு சரியா இருக்கா?"

வைத்தியத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நான் நம்பினேன். இவ்வளவு பெரிய உத்தியோகஸ்தர் அளவெல்லாம் விசாரிக்கிறாரே என்று பெருமையோடு, புளிக்கையைத் தூக்கிக் கும்பிட்டுச் சொன்னேன்:

"சரியா இருக்குதுங்க. நாக்குல வெச்சுப் பாத்தனுங்க!"

அமல்தாரம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சூப்பிரண்டெண்டு சிரித்த சிரிப்பில் பேட்டா கழன்று புளித்தண்ணீரில் விழுந்தது. அதை எடுத்துப் பிழிந்து கொடுத்ததும் நான்தான். அதற்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் விளக்கம் சொல்லச் சொல்ல அது மேலும் குழம்பாகத்தான் ஆயிற்று. "புண்ணுக்கு மஞ்சள்" என்றால் சிரிக்கிறார். "காரத்தை எடுக்கப் புளி" என்றால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். கடைசியில் அமல்தார் பல்லைக் கடித்துக்கொண்டு, "குளத்தை ரொப்பி மீனை விட்டுட்டுப் போய்த் தொலை. இனிமே இந்தப் பக்கம் வராதே," என்றார். நன்றாக அலம்பி, கிணற்றுத் தண்ணீர் ரொப்பி, மீனை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி விட்டேன். கேட்டைத் தாண்டும்போது அமல்தாரம்மா சொன்னது காதில் விழுந்தது: "இந்தப் பாவத்துக்கு இன்னிக்கு இந்தாத்துல யாருக்கும் ஒரு பருக்கை கிடையாது. மீனுக்கும்தான். அதுகளும் ஏகாதசி இருக்கட்டும்."

துவாதசியன்று காலை குளம் பளிங்கு மாதிரி தெளிந்து கிடந்ததாம். மீனெல்லாம் வயிறு வற்றி, வால் விரித்து விளையாடிற்றாம். எனக்குச் சிவலிங்கப்பாதான் வந்து சொன்னார். நான் மூச்சிரைக்க ஓடினேன். அமல்தார் வாசல் கேட்டிலேயே மறித்தார்.

"பாத்தீங்களா சாமி! என்ற புளி! என்ற மஞ்சள்!"

"மெதுவாப் பேசு. ஏகாதசி உபவாசத்தோட மகிமைன்னு உள்ளே அவ வந்தவா போனவாகிட்டல்லாம் சொல்லிண்டிருக்கா. மாசம் ரெண்டு ஏகாதசிக்கும் மீனுக்கு விரதம்னு தீர்மானமாயிடுத்து."

"நீங்களாச்சும் நெசத்தைச் சொல்லக்கூடாதுங்களா?"

அமல்தார் வீட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நான் தாலுகாவை ஆண்டவன்தான் மாதையா. ஆத்தை ஆண்டதில்லை. நீ வேணா உள்ளே போய்ச் சொல்லிப் பாரேன்."

நான் போகவில்லை. வெள்ளத்துக்கு மதில் கட்டினவன்தான், ஆனாலும் போகவில்லை.

பார்க்கு வேலை பெங்களூர் கண்டிராக்டர் ஒருவருக்குப் போயிற்று. அவர் சிமிட்டியிலே பூசி, அதன் காரம் போக்காமலே குளம் ரொப்பி, அன்றைக்கே மீன் விட்டார். அடுத்த வாரமே சூப்பிரண்டெண்டின் பியூன் என்னைத் தேடி வந்தான். "புளி மேஸ்திரி நீதானா? உன் குழம்புச் சாமானோட அய்யா வரச் சொன்னார்." போனேன். இறைத்தேன், தேய்த்தேன், அலம்பினேன், ரொப்பினேன். சுண்டல் போடக்கூடாது என்று காவலுக்கு ஆள் வைத்தேன். மிச்சமிருந்த மீன் பிழைத்தது. பராமரிப்பு வேலை எனக்கு வந்தது. நிலையான வேலை! மாமனாருக்கு நான் முன்னாலேயே சொல்லியனுப்பியிருந்த பொய், கொஞ்சம் தாமதமாக, உண்மையாயிற்று.

பெண்டாட்டியைக் கூட்டிவந்தேன். வண்டிக்காரர் எல்லாக் கதையையும் வழியிலேயே அவளுக்குச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மைசூரில் அவள் வைத்த முதல் மீன் குழம்பை இலையில் ஊற்றிவிட்டு, மொகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க, இது வைத்தியமுங்களா, குழம்புங்களா?" இன்றைக்குவரை இந்த வீட்டில் அந்தக் கேள்வி கேட்காமல் மீன் குழம்பு பரிமாறினதில்லை. மகன்கள் கேட்டார்கள், மருமகள்கள் கேட்கிறார்கள். வாய் திறந்த பேரப்பிள்ளைகள் எல்லாம் கேட்கின்றன. எனக்கு வயிறு சரியில்லை என்று வைத்தியர் பத்தியம் சொன்னால், "மாமாவுக்கு இன்னைக்கு மீன் ஏகாதசி" என்கிறாள் மூத்த மருமகள். சிரிக்கட்டும். சோறு போட்டுவிட்டுத்தானே சிரிக்கிறார்கள்.

என் சண்டை அந்தக் கல்லோடுதான். அமல்தாரும் அவர் சம்சாரமும் காலமான பிறகு, பிள்ளைகள் குளத்தங்கரையில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். கன்னடத்தில் எழுதியிருக்கிறது. குளத்தை உண்டாக்கியவர் அமல்தார், மீன்களை விரத மகிமையால் காத்தவர் அந்த அம்மா என்று எழுதியிருப்பதாகப் படித்துச் சொன்னார்கள். கன்னட எழுத்தில் எனக்கு அடையாளம் தெரிவது என் பெயர் ஒன்றுதான். அதைத் தலைகீழாக வைத்தாலும் கண்டுபிடிப்பேன். கல்லை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துவிட்டேன். இல்லை.

அந்த அம்மாவின் பங்கை நான் பிடுங்கவில்லை. பட்டினியும்தான் மீனைக் காப்பாற்றிற்று. வருஷக்கணக்கில் மீன் பார்த்தவன், எனக்குத் தெரியும். பாதி ஏகாதசி. ஆனால் மீதிப் பாதி புளி. கல்லில் கீழே பாதி இடம் காலியாகத்தான் கிடக்கிறது, அளந்து பார்த்துவிட்டு வந்தேன். "கட்டியவனும் காரம் போக்கியவனும் மேஸ்திரி மாதையன்" என்று வெட்ட அந்த இடம் தாராளமாகப் போதும். ஆள் அனுப்ப வேண்டாம், கூலி வேண்டாம், உளியும் சுத்தியும் என்னிடமே இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் 'ம்' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். விடிந்ததும் வந்து நிற்கிறேன்.